மாதம் தவறாமல் வரும் வாய்ப்புண்: ஆற்றுவதும் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதும்

முதல் கவளம் ரசம் சாதம் உள்ளே போனதும் கண்ணில் தண்ணீர் முட்டுகிறதா? கீழுதட்டின் உள்பக்கத்திலோ நாக்கின் ஓரத்திலோ மிளகளவுக்கு ஒரு புண் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணாடி பார்க்காமலே சொல்லிவிடலாம். எனக்குக் கல்லூரி நாட்களில் தொடங்கிய தொந்தரவு இது. மாதம் ஒரு முறை, பரீட்சை மாதத்தில் இரண்டு முறை. அத்தை மாசிக்காயை உரசித் தடவிவிட்டார். ஹாஸ்டல் தோழி தேங்காய்ச் சில்லை மென்று வாயிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல பி காம்ப்ளக்ஸ் ஒரு அட்டை கிழித்துக் கொடுத்தார். எல்லா வைத்தியமும் கேட்டது. அங்கேதான் நான் பல வருடம் ஏமாந்தேன்.

சாதாரண வாய்ப்புண் எதுவுமே செய்யாவிட்டாலும் 7 முதல் 14 நாளுக்குள் தானாக ஆறிவிடும். நாம் மருந்து தேட ஆரம்பிப்பதே நாலாம் நாள், வலி உச்சத்தில் இருக்கும்போது. மறுநாளோ அதற்கு மறுநாளோ வலி குறைகிறது. பெயரை மாசிக்காய் வாங்கிக்கொள்கிறது. அடுத்த மாதம் அதே புண் இன்னோர் இடத்தில் வந்து நிற்கும். ஆகவே இதை இரண்டு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் புண்ணோடு சாப்பிட, பேச, தூங்க வழி செய்வது ஒன்று. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. முதலாவதற்கு அடுக்களை போதும். இரண்டாவதற்கு ஒரு நோட்டு, ஒரு ரத்தப் பரிசோதனை, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதல் படி: புண்ணை ஒழுங்காகப் பாருங்கள்

போன் டார்ச்சைப் போட்டு, உதட்டை விரலால் இழுத்துப் பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். நடுவில் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ குழிந்து, சுற்றி சிவப்பு வளையம் கட்டியிருந்தால் அது நாம் பேசும் வாய்ப்புண். உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் என்று மென்மையான இடங்களில்தான் பெரும்பாலும் வரும். பெரும்பாலானவை 1 சென்டிமீட்டருக்குள் இருக்கும், தழும்பில்லாமல் ஆறும். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் தேவையே இல்லை.

உதட்டுக்கு வெளியே நீர்க்கொப்புளம் கொத்தாகக் கிளம்பினால் அது அக்கி வகை வைரஸ், அது தொற்றும். வாயின் இரண்டு ஓரமும் வெடித்து, வாயைத் திறக்கவே எரிந்தால் அது கடைவாய்ப்புண். அதற்கும் சத்துக்குறைவுக்கும் நெருங்கிய உறவு உண்டு, பூஞ்சைத் தொற்றும் காரணமாக இருக்கலாம். நாக்கிலோ கன்னத்திலோ சுரண்டினால் வழித்துக்கொண்டு வரும் வெள்ளைப் படலம் என்றால் அதுவும் பூஞ்சை. இவற்றுக்கெல்லாம் மருந்து வேறு.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கட்டுரையின் கடைசியில் வைத்தால் யாரும் படிக்கமாட்டீர்கள். 3 வாரம் தாண்டியும் ஆறாத புண், தொட்டால் ஓரம் கெட்டியாக இருக்கும் புண், வலியே இல்லாமல் ஒரே இடத்தில் நிற்கும் புண், வழித்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் நெறிகட்டி: இவற்றில் எது இருந்தாலும் கீரையும் தேனும் வேண்டாம், நேராகப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை, குட்கா பழக்கம் உள்ளவர்கள், வாய் முன்பு போல அகலமாகத் திறக்கவில்லை என்றாலும் போக வேண்டும். பாக்கு, புகையிலை சேராமலே போட்டாலும், வாய்ப்புற்றுக்குக் காரணமாகும் பொருள்தான்.

இரண்டாம் படி: ஆறும்வரை சமாளிப்பது

உப்புத்தண்ணீர்தான் முதல் மருந்து. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, ஒரு வாய் எடுத்து அரை நிமிடம் வாயிலேயே வைத்திருந்து துப்புங்கள். சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகும் முன்பும் என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. எரிச்சல் தாங்கவில்லை என்றால் உப்புக்குப் பதில் அதே அளவு சமையல் சோடா. அது புளிப்பை முறிக்கும், எரிச்சலும் குறைவு. கல் உப்பை அப்படியே புண்ணின் மேல் வைத்து அழுத்துகிற வீர வைத்தியம் ஒன்று உண்டு. என் சித்தப்பா அதைச் செய்வார், கண்ணில் நீரோடு ‘சரியாயிடும்’ என்பார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதேதான்.

அடுத்தது தேன். விரலைக் கழுவி, ஒரு சொட்டை புண்ணின் மேல் வைத்துவிட்டுக் கால் மணி நேரம் எதுவும் குடிக்காமல் இருங்கள். புண்ணின் மேல் ஒரு பூச்சு போல நின்று காரமும் புளிப்பும் நேரே படாமல் காக்கிறது. ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது, நாக்கில் தடவுவதற்கும்கூட. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி சின்னக் குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைத் தாக்கும். பழைய வழக்கப்படி வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துக் குழந்தை வாயில் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெங்காரம் என்பது போராக்ஸ். உள்ளே போனால் குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். பாட்டி சொன்னாலும் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய், நெய் இரண்டும் தேன் போலத்தான், மேல்பூச்சு. அதிமதுரத்துண்டை மென்று சாறு இறங்க வைத்துக்கொள்வது எனக்கு இதமாக இருக்கும். ஆனால் தினமும் அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, உடம்பில் பொட்டாசியத்தை இறக்கிவிடும். பிரஷர் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் விட்டுவிடுங்கள். கொய்யாக் கொழுந்து, மாசிக்காய், கடுக்காய் எல்லாம் துவர்ப்பு; கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் வாய் கொப்பளித்தால் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும். செய்யலாம், தப்பில்லை. படிகாரத் தூளை நேராக வைப்பதை நான் சொல்லமாட்டேன், எரிச்சல் மிக அதிகம்.

சாப்பாட்டில் ஒரு வாரத்துக்குக் காரம், புளி, அன்னாசி, தக்காளி, கொதிக்கக் கொதிக்கக் காபி, முறுக்கு, சிப்ஸ் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். தயிர் சாதம், இட்லி, குழைந்த பருப்பு சாதத்தில் நெய், மோர், இளநீர், வாழைப்பழம், பிறகு கீழே சொல்லும் தண்ணிச்சாறு. வலி தாங்காமல் சாப்பிடவே முடியவில்லை என்றால் டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு வாய்க் களிம்பு நன்றாக வேலை செய்யும். அதைத் தடவும் விதம்தான் பலருக்குத் தெரிவதில்லை. புண்ணை முதலில் சுத்தமான பஞ்சாலோ துணியாலோ ஒற்றி ஈரத்தை எடுத்துவிட்டு, கடுகளவு களிம்பைத் தேய்க்காமல் ஒத்தி வைக்க வேண்டும். படுக்கும் முன் வைத்தால் ராத்திரி முழுக்க நிற்கும். முதல் நாள், அந்தச் சுருக்கென்ற உணர்வு வரும்போதே வைத்தால் இன்னும் நல்லது.

மணத்தக்காளித் தண்ணிச்சாறு

வாய்ப்புண் என்றாலே தமிழ்நாட்டில் மணத்தக்காளி. நியாயமான பேர்தான், ஆனால் மந்திரம் எதுவும் இல்லை. வாய் எரியாமல் சோறு இறங்கச் செய்வதோடு, கீரைச்சத்தையும் வயிற்றுக்குள் அனுப்பிவிடுகிறது. செட்டிநாட்டுப் பக்கம் செய்வது போல இப்படிச் செய்யுங்கள்.

இரண்டு கைப்பிடி கீரையை ஆய்ந்து, அலசி வையுங்கள். அரிசி களையும்போது முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் தண்ணீரில் இரண்டு டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் சீரகம், நாலு பல் பூண்டு, நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி வதக்குங்கள். வழக்கமாகப் போடும் வரமிளகாயை இந்த வாரம் மறந்துவிடுங்கள். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் கீரையைப் போட்டு ஒரு பிரட்டு, அப்புறம் அரிசித் தண்ணீர், கொஞ்சம் உப்பு. ஐந்தாறு நிமிடம் கொதித்தால் கீரை வெந்துவிடும். மூடிபோட்டு அரை மணி நேரம் வேகவிட்டால் கீரையில் இருக்கும் போலேட் என்ற பி வைட்டமின் நிறையப் போய்விடும். இறக்கும் முன் அரை மூடித் தேங்காயின் கெட்டிப் பாலை ஊற்றி, நுரை கட்டுகிற நேரத்தில் அடுப்பை அணைத்துவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்துபோகும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் அப்படியே குடிக்கலாம், குழைந்த சோற்றில் ஊற்றிப் பிசையலாம்.

பச்சைக் காயைச் செடியிலிருந்து பறித்து அப்படியே மெல்லும் பழக்கம் வேண்டாம். பழுக்காத காயில் சோலனின் என்ற நச்சு உண்டு. அகத்திக்கீரையும் வாய்ப்புண்ணுக்குச் சொல்வார்கள். வேறு மருந்து சாப்பிடும் நாட்களில் அகத்தி கூடாது, மருந்தை முறிக்கும் என்பது சித்த வைத்தியர்கள் சொல்லும் கணக்கு.

மூன்றாம் படி: நோட்டு போடுங்கள்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ‘உடம்பு சூடு’ என்று ஒரே காரணம். எனக்கு அந்த வார்த்தையோடு சண்டை இல்லை. தூக்கமில்லாத, தண்ணீர் குடிக்காத, கண்டதைச் சாப்பிட்ட வாரத்துக்கு அது ஒரு சுருக்கப்பெயர். சிக்கல் என்னவென்றால், சூடு என்று சொன்னதும் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

ஒரு சின்ன நோட்டில் புண் வந்த தேதி, வாயில் எந்த இடம், அதற்கு முந்தைய மூன்று நாளில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், பெண்களானால் மாதவிடாய்த் தேதி. இவ்வளவு போதும். மூன்று மாதம் எழுதினால் ஏதாவது ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? சத்துக்குறைவைத் தேடும் முன் அந்த இடத்துக்கு எதிரே இருக்கும் பல்லைத் தடவிப் பாருங்கள். முனை உடைந்த பல், எழும்பி நிற்கும் அடைப்பு, பல்செட்டின் விளிம்பு, பல் கம்பி எதுவாகவும் இருக்கலாம். என் வலது கன்னத்துப் புண்களில் பாதி, பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லின் கூர்முனையை ஐந்து நிமிடம் தேய்த்துவிட்டதோடு நின்றது. அதுவரை அதற்கு நான் குடித்த மோர் ஒரு குடம் இருக்கும். பிரஷ்ஷையும் மென்மையான நார் உள்ளதாக மாற்றுங்கள்.

பேஸ்ட் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் லாரில் சல்ஃபேட் என்று இருக்கும். நுரை தருவது அதுதான். 1990-களில் நார்வேயில் நடந்த ஆய்வுகளில், இது இல்லாத பேஸ்டுக்கு மாறியவர்களுக்குப் புண்கள் குறைந்தன. பின்னால் வந்த எல்லா ஆய்வும் அதே அளவுக்குப் பலன் காட்டவில்லை. ஆனாலும் செலவு குறைந்த சோதனை. இரண்டு மூன்று மாதம் மாற்றிப் பார்த்து நோட்டில் எண்ணிக்கை குறைகிறதா என்று பாருங்கள். ஃப்ளோரைடு இருக்கும் பேஸ்டாகவே வாங்குங்கள்.

உணவில் அன்னாசி, தக்காளி, சாக்லேட், முந்திரி, வேர்க்கடலை, கத்தரிக்காய் என்று ஆளுக்கொரு சந்தேகம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், இருக்கும் சத்தும் போய்விடும். நோட்டு காட்டுகிற ஒன்றை மட்டும் மூன்று வாரம் நிறுத்தி, திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். சிகரெட் விட்டதும் வாய்ப்புண் வருவது உண்மையிலேயே நடக்கும். சில வாரத்தில் அடங்கும், அதற்காக மறுபடி பற்ற வைக்காதீர்கள். வலி மாத்திரைகளில் சில, நெஞ்சுவலிக்கான நிக்கோரண்டில், மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் போன்றவையும் புண் வரவழைக்கும். சந்தேகம் வந்தால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள்.

நான்காம் படி: ரத்தப் பரிசோதனை

வருடத்தில் நான்கைந்து தடவைக்கு மேல் வருகிறது என்றால் சத்துக்குறைவும் காரணமாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லி இவற்றைப் பார்த்துவிடுங்கள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, போலேட். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்து ‘எல்லாம் சரி’ என்று திரும்பி வராதீர்கள். ஃபெரிட்டின் என்பது இரும்பின் சேமிப்புக் கணக்கு. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே சேமிப்பு காலியாவது போல, ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இது அடிமட்டத்தில் இருக்கலாம். எனக்கு ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 9. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனாலே இரும்பு தீர்ந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கு வைக்கிறது. பி12 200-க்குக் கீழே (pg/mL கணக்கில்) என்றால் குறைவு; 200-க்கும் 300-க்கும் நடுவே என்றால் சந்தேக எல்லை.

சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை வேண்டாம். கணக்கு உயர்ந்து காட்டி ஆளை ஏமாற்றிவிடும். அந்த அட்டையில் பொதுவாக இரும்பு இருக்காது, பி12-உம் பிராண்டுக்கு ஏற்ப மாறும். பத்து நாள் போட்டுவிட்டு ‘கேட்கவில்லை’ என்பதும் ‘கேட்டுவிட்டது’ என்பதும் இரண்டுமே நம்பத்தக்கதல்ல.

கண் சிவந்து வலிப்பது, பிறப்புறுப்பிலும் புண், மூட்டுவலி, அடிக்கடி காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் ரத்தம், கோதுமை சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு என்று எதுவும் கூட வந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் பெசெட் நோய், குடல் அழற்சி, கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய் ஆகியவை வாயில்தான் முதலில் தலைகாட்டும் நேரமும் உண்டு.

ஐந்தாம் படி: தட்டை மாற்றுங்கள்

பி12 விஷயத்தில் நேராகச் சொல்கிறேன்: செடியிலிருந்து கிடைக்காது. ஸ்பைருலினாவில் இருப்பது உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். பழைய சாதத்தை நம்பியும் இருக்க முடியாது. அது வேறு காரணத்துக்காக நல்லது. பெரியவருக்கு ஒரு நாளைக்குத் தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். ஒரு டம்ளர் பசும்பாலில் ஒரு மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் குறைவாகவும், ஒரு முட்டையில் சுமார் அரை மைக்ரோகிராமும் இருக்கும். ஆகவே சைவக்காரர்கள் பாலும் தயிருமாக இரண்டு மூன்று டம்ளர் சேர்க்க வேண்டும். காபியில் ஊற்றும் கால் டம்ளர் பால் கணக்கில் வராது. மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலை இல்லை. 100 கிராம் மத்தி மீன் மூன்று நாள் தேவையைத் தந்துவிடும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் நெடுநாளாக அசிடிட்டி மாத்திரை போடுகிறவர்களுக்கும், சாப்பிட்டாலும் பி12 சரியாக ஏறாது. 2009-இல் இஸ்ரேலில் 58 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. ஒரு பாதிப் பேருக்குத் தினமும் ராத்திரி 1000 மைக்ரோகிராம் பி12, நாக்குக்கு அடியில். ஆறாவது மாதத்தில் புண்ணே வராதவர்கள் அந்தக் குழுவில் 74 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 32 சதவீதம். ரத்தத்தில் பி12 குறைவாக இல்லாதவர்களுக்கும் பலன் தெரிந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் டாக்டரிடம் பேசத் தகுந்தது.

இரும்புக்கு ஆட்டு ஈரல், சுவரொட்டி, கறி, மீன். சைவத்தில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, எள், பயறு வகைகள். செடி இரும்பு உடம்பில் ஏறுவது கஷ்டம், ஒரு கை பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அந்தக் கை வைட்டமின் சி. முருங்கைக்கீரைப் பொரியலுக்கு மேல் அரை எலுமிச்சை, சாப்பிட்டதும் கால் கொய்யா. நெல்லிக்காயும் சரிதான், ஆனால் புண் ஆறிய பிறகு. எதிர்வேலை செய்வது சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ, காபி. ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது இதுதான். மதியம் சாப்பிட்டதும் டீ என்பது எங்கள் ஆபீஸில் கிட்டத்தட்ட சட்டம்.

பயறை முளைகட்டுவதும் மாவைப் புளிக்க வைப்பதும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் பைட்டேட்டைக் குறைக்கும். பச்சைப்பயறைக் காலையில் ஊறப்போட்டு, ராத்திரி துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை எட்டிப் பார்க்கும். அதை வேகவைத்துத் தேங்காய்த் துருவல் போட்டுத் தாளித்தால் சுண்டல். துத்தநாகத்துக்குக் கொண்டைக்கடலை, எள், பூசணி விதை, முட்டை, கறி. போலேட்டுக்குத் தனியாக எதுவும் வேண்டாம். வாரத்தில் நாலு நாள் கீரையும் தினம் ஒரு பருப்பும் இருந்தால் போதும்.

ஃபெரிட்டினோ பி12-ஓ ரொம்ப இறங்கியிருந்தால் சாப்பாட்டால் மட்டும் தூக்க முடியாது. மாத்திரையோ ஊசியோ டாக்டர் சொல்கிற காலம் வரை எடுங்கள், சாப்பாடு அதைத் தக்கவைக்கட்டும். இரும்பு ஏன் குறைந்தது என்பதையும் கேட்க வேண்டும்: அதிக மாதவிடாய், மூலம், குடல் புழு, வயிற்றுப் புண். போலேட் மாத்திரையைத் தனியாக நீங்களே வாங்கிப் போடாதீர்கள். பி12 குறைவாக இருக்கும்போது போலேட் மட்டும் ஏற்றினால் ரத்தசோகை சரியானது போலத் தோன்றும், நரம்பு பாதிப்போ உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். என் நோட்டில் முதல் வருடம் 14 புண்கள். இரும்பு மாத்திரை, டீயைத் தள்ளி வைத்தது, பல்லைத் தேய்த்தது, பேஸ்ட் மாற்றியது எல்லாம் சேர்ந்து அடுத்த வருடம் 4. நான்கையும் ஒன்றாகச் செய்ததால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நாலில் ஒன்று தீபாவளிக்கு மறுநாள், நாக்கின் நுனியில், கைமுறுக்கு குத்திய இடத்தில்.